என்ன குரூப்?

பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று மாலையே தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு விசாரணை தொடங்கிவிடும்: "என்ன குரூப்?" கேட்பவர் அத்தை, பதில் சொல்பவர் அப்பா. படிக்கப்போகிற பிள்ளை காபி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விடும்.

பதில் தெரிந்ததுதான்: பர்ஸ்ட் குரூப். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். பொறியியல் கட்ஆஃப் 200-இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. உயிரியலை யாரும் சீந்துவதில்லை. நீட்டின் 720-இலோ கணிதம் தலைகாட்டாது. எந்தப் பக்கம் போனாலும் ஒரு பாடம் தண்டம். "ரெண்டும் கையில இருக்கட்டும்டா" என்பார் அப்பா. சுமப்பது அவரில்லையே!

தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகப் படிக்கிற 'பியூர் சயின்ஸ்' எடுத்தவனிடம், "ஏன்ப்பா, கணக்கு வராதா?" என்று துக்கம் விசாரிப்பார்கள்.

இத்தனை அமளிக்குப் பிறகு, அறிவியல் தன் முழு சொரூபத்தைக் காட்டுவது வேதியியல் செய்முறைத் தேர்வில். உப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். நீலமாக வந்தால் தாமிரம், அதிர்ஷ்டக்காரன். வெள்ளைப் பொடி வந்தவன் சோதனைக்குழாயைப் பார்ப்பதில்லை, லேப் அண்ணன் முகத்தைத்தான் பார்ப்பான். அவர் ஒருமுறை இருமினால் துத்தநாகம். மூக்கைத் தேய்த்தால் அம்மோனியம். விடை கிடைத்தபின் சோதனைகள் வரிசையாகத் தாளில் ஏறும். குழாயில் வராத பழுப்பு வளையம் தாளில் தவறாமல் வந்துவிடும். வெளிப்பள்ளியிலிருந்து வந்த தேர்வாளருக்கு அதற்குள் இரண்டாவது தட்டு பஜ்ஜியும் வந்திருக்கும்.