ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்

மனை விற்பவர்களின் கடிகாரமே தனி. கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு மனைப்பிரிவு. ‘ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்’ என்று நோட்டீஸில் கொட்டை எழுத்து. எதில் 5 நிமிடம் என்று மட்டும் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏற்றிப் போய்க் காட்டினார்கள். மதியச் சாப்பாடு இலவசம். பிரியாணிக்குக் குறை சொல்ல மாட்டேன். டிரைவர் பறந்தார். “பாத்தீங்களா சார், 5 நிமிஷம்கூட ஆகல” என்றார் தரகர். அன்றைக்கு ரயில்வே கேட் திறந்திருந்தது.

திங்கட்கிழமை காலை நானே நடந்து பார்த்தேன். 35 நிமிடம். அதில் 10, மூடிய கேட்டுக்கு முன்னால் நின்றது. கண்ணெதிரே போனது நான் பிடிக்க வேண்டிய வண்டி.

நோட்டீஸில் வரைபடமும் உண்டு. மனையிலிருந்து தாம்பரம் ஒரு விரற்கடை. அங்கிருந்து கடற்கரை இன்னொரு விரற்கடை. 1931 முதல் மின்ரயில் ஓடும் பாதை அது, கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். வரைந்தவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா?

“காலையில உட்கார இடம் கிடைக்குமா?” என்று கேட்டேன்.

“தாம்பரத்துல பாதிக் கூட்டம் இறங்கிடும் சார்.”

அங்கே ஏறுகிற கூட்டத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், ஸ்டேஷன்தான் தூரம். தண்டவாளம் பக்கத்து மனை. எக்ஸ்பிரஸ் ஒன்று கடந்தபோது கையிலிருந்த டீ தளும்பியது. “ராத்திரி தூக்கம் வருமாய்யா?” என்றேன்.

“அலாரம் செலவு மிச்சம் சார்” என்றார்.