செருப்பு போன கடற்கரை: குடும்ப இடப்பெயரியலுக்கு ஓர் அறிமுகம்

தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களைப் பற்றி அறிஞர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். ரா.பி. சேதுப்பிள்ளையின் ‘ஊரும் பேரும்’ படித்தவர்களுக்குப் பட்டினமும் பாக்கமும் குப்பமும் பாடியும் பழகிய ஈறுகள். ஆனால் பள்ளி விடுமுறையில் ஒரு டெம்போ டிராவலரில் ஏறிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகும் குடும்பம், போகிற வழியெல்லாம் சூட்டிக்கொண்டே போகும் பெயர்களை இதுவரை யாரும் தொகுத்ததாகத் தெரியவில்லை. ‘செருப்பு போன பீச்’, ‘பெரியப்பா சண்டை போட்ட ஹோட்டல்’, ‘தயிர்சாதம் கொட்டின வளைவு’ ஆகியவை எந்த வரைபடத்திலும் இல்லை. ஆனாலும் அந்தக் குடும்பத்துக்குள் வழி கேட்டால் இவற்றை வைத்துத்தான் பதில் வரும். தமிழாய்வுலகின் இந்தப் பெருங்குறையை இக்கட்டுரை தன்னால் இயன்ற அளவு நீக்க முயல்கிறது.

இதை அற்ப விஷயம் என்று ஒதுக்க நினைப்பவர்கள் சற்று மெரினாவில் போய் நின்று யோசிக்கலாம். 1881 முதல் 1886 வரை சென்னை ஆளுநராக இருந்தவர் கிராண்ட் டஃப். கடலோரத்தில் 1884இல் நடைபாதை போட்டுவிட்டு, இத்தாலியப் பக்கம் தாம் பார்த்த கடற்கரையின் நினைவில் அதற்கு மெரினா என்று பெயர் வைத்தார். ஆக, சென்னையின் ஆகப் பெரிய கடற்கரைக்கு வாய்த்திருப்பது ஒரு மனிதர் ஊர்சுற்றிவிட்டு வந்த நினைவு. ‘செருப்பு போன பீச்’சுக்கும் இதற்கும் முறையியல் அளவில் வேறுபாடு ஏதுமில்லை. அவர் கையில் ஆளுநர் முத்திரை இருந்தது, குடும்பத்தின் கையில் வாட்ஸப் குழு இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட குடும்பம் இரண்டு கட்சிகளாகப் பிரிந்தது. முன்னிருக்கைக் கட்சியின் தலைவர் பெரியப்பா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வழியில் பெயர்ப்பலகை எது வந்தாலும் வரலாறு சொல்வார். பின்னிருக்கைக் கட்சிக்குத் தலைமை கிடையாது, சிப்ஸ் பாக்கெட் மட்டும் உண்டு. இரண்டுக்கும் நடுவே அத்தையும் சித்தியும் தூக்கும் தண்ணீர்க் கேனுமாக நடுநிலை வகிக்கிறார்கள்.

கோவளத்தில் முதல் மோதல். பெரியப்பா கணக்குப்படி அந்தச் சின்ன ஊரில் ஆஸ்டெண்டு என்ற ஐரோப்பிய வணிகக் கம்பெனி பண்டகசாலை வைத்திருந்தது, நவாப் கோட்டை கட்டினார், பிரெஞ்சுக்காரர்கள் சீக்காளிகளைப் போல நடித்து உள்ளே புகுந்து அதைப் பிடித்தார்கள், 1752இல் கிளைவ் வந்து மீட்டார், பிறகு கோட்டை இடிக்கப்பட்டது. நவாப் காலத்தில் ஊருக்குச் சாதத் பந்தர் என்ற பெயரும் இருந்தது. கோட்டை நின்ற இடத்தில் இன்று நட்சத்திர ஹோட்டல் நிற்கிறது. சாதத் பந்தர் என்று சொல்லி இன்று ஆட்டோ பிடிக்க முடியாது. வெள்ளைக்காரர்களின் ‘கோவ்லாங்’ அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களின் வாயில் மட்டும் பிழைத்திருக்கிறது. குப்பத்துக்காரர்கள் நடுவில் வந்த எல்லாவற்றையும் அலட்சியம் செய்துவிட்டுக் கோவளம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சீக்காளியாக நடித்தால் கோட்டையே கிடைக்கும் என்பது மட்டும் பின்னிருக்கையில் ஆழமாகப் பதிந்தது. அடுத்த ஐஸ்கிரீம் கடை வருவதற்குள் இருவருக்குத் தலை சுற்றியது.

மாமல்லபுரம் பெயர்களின் சந்தை. முதலாம் நரசிம்மவர்மனின் மாமல்லன் என்ற பட்டப்பெயரால் மாமல்லபுரம், வைணவர்களுக்குக் கடல்மல்லை, புராணப் பிரியர்களுக்கு மகாபலிபுரம், கப்பலில் வந்தவர்களுக்கு ‘ஏழு பகோடா’, கல்லூரிப் பிள்ளைகளுக்கு மஹாப்ஸ். 1984இல் யுனெஸ்கோ இதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததையெல்லாம் பெரியப்பா சொல்லி முடிப்பதற்குள், குடும்பம் சரிவில் நிற்கும் அந்த உருண்டைப் பாறையைத் தோளால் தாங்குவதுபோலப் படம் எடுத்து முடித்திருந்தது. பல்லவர் கலையை இவ்வளவு சிக்கனமாக அனுபவிக்க வேறு எவராலும் முடியாது.

கொஞ்சம் வடக்கே இருக்கும் சாளுவன்குப்பம்தான் உண்மையில் பொறுமைக்குப் பரிசு தரும் இடம். 2004 சுனாமி மணலை அரித்துக்கொண்டு போனதில் பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டது. அதில் இருந்த ஒரு கோயில் குறிப்பைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறை 2005இல் தோண்டியது. செங்கல்லால் கட்டிய பழைய முருகன் கோயில் கிடைத்தது. கல்வெட்டு அந்த ஊரைத் திருவிழிச்சில் என்கிறது. எத்தனை நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்த பெயர்! அதைக் கேட்ட அத்தை, “நல்லா இருக்கே, ஏன் மாத்துனாங்க?” என்றார். இந்தப் பயணத்தில் எழுந்த ஒரே நேர்மையான ஆய்வுக் கேள்வி அது. அந்த நேரம் பார்த்து ரிசார்ட்டிலிருந்து போன் வந்துவிட்டது.

ரிசார்ட் தனி அதிகாரத்துக்கு உரியது. அதன் பெயரில் பாம், பே, சாண்ட்ஸ் என்று ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். ‘பாக்கம்’, ‘குப்பம்’ ஒருபோதும் இருக்காது. அறை இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும், குடும்பம் காலை பத்துக்கே போய்ச் சேரும். அந்த இடைவெளியை வரவேற்பறையில் கொடுக்கும் கலர் தண்ணீரை வைத்து ஓட்ட வேண்டும். கடல் பார்க்கவென்று கிளம்பிய பிள்ளைகள் நீச்சல்குளத்தில் இறங்கினால் இருட்டும்வரை ஏறுவதில்லை. நைலான் உடை கட்டாயம் என்ற பலகைக்கு அடியிலேயே அத்தை காட்டன் புடவையுடன் காலை மட்டும் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நூறடி தள்ளி வங்காள விரிகுடா கேட்பாரற்றுக் கிடக்கும். காலை உணவு இலவசம் என்பதால் வழக்கமாக இரண்டு இட்லி சாப்பிடும் சித்தப்பா, பூரி, தோசை, கார்ன்ஃபிளேக்ஸ், தர்பூசணி எல்லாவற்றையும் ஒரே தட்டில் சேர்த்துக் கொண்டுவருவார். ரிசார்ட்டின் ஆங்கிலப் பெயர் வீடு திரும்புவதற்குள் மறந்துபோகும். ‘பூரி ரிசார்ட்’ என்பது பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும்.

சதுரங்கப்பட்டினத்தை டச்சுக்காரர்கள் சட்ராஸ் ஆக்கினார்கள். அவர்கள் கோட்டையின் செங்கல் சுவர்களுக்கு நடுவே நின்று பெரியப்பா 1782 பிப்ரவரி 17 அன்று அந்தக் கடலில் பிரெஞ்சு சுஃப்ரேனும் ஆங்கிலேய ஹியூஸும் மோதிக்கொண்டதை விவரித்தார். “யாரு பெரியப்பா ஜெயிச்சா?” “யாரும் இல்லை.” கூட்டம் கலைந்தது.

புதுச்சேரி அருகே பெயர்ச் சிக்கல் முற்றுகிறது. தந்திராயன்குப்பத்தைச் ‘சீரெனிட்டி பீச்’ என்றால்தான் வெளியூர்க்காரருக்குத் தெரிகிறது. சுண்ணாம்பாற்றில் படகேறிப் போனால் ‘பாரடைஸ் பீச்’. பழைய கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளூஸ் பொதுகே என்றொரு துறைமுகத்தைச் சொல்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய அரிக்கமேடுதான் அது என்பது பலரின் முடிவு. ஊரைப் பிரெஞ்சுக்காரர்கள் பொந்திஷேரி என்றார்கள். 2006இல் சட்டப்படி புதுச்சேரி ஆயிற்று. இத்தனைக்கும் பிறகு கோயம்பேட்டில் நடத்துநர் கூவுவது என்னவோ “பாண்டி, பாண்டி” தான். இதிலிருந்து இக்கட்டுரை ஒரு துணிபுக்கு வருகிறது: அரசிதழ், கல்வெட்டு, பேருந்து நடத்துநர் மூன்றும் முரண்பட்டால் நடத்துநரையே கொள்க.

பரங்கிப்பேட்டைக்குப் போர்ட்டோ நோவோ, மஹ்மூத் பந்தர் என்று வேறு இரண்டு பெயர்கள் உண்டு. 1781இல் ஐதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதிய ஊர் இது. இதைச் சொல்லும்போது முன்னிருக்கையைத் தவிர எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், ஆகவே குடும்பப் பெயர் எதுவும் பதிவாகவில்லை.

தரங்கம்பாடியில் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். அலை பாடுவதால் தரங்கம்பாடி என்று சித்தி விளக்கம் சொல்ல, பெரியப்பா இந்தப் பயணம் முழுக்கக் காத்திருந்த தருணம் வந்தது. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது, அங்குள்ள கல்வெட்டில் ஊர்ப்பெயர் சடங்கன்பாடி என்றுதான் இருக்கிறது என்றார். சித்தி முகம் வாடியது. கல்வெட்டு என்ன சொன்னாலும் தனக்கு அலைதான் என்று அவர் அந்தக் கணமே முடிவெடுத்துவிட்டார். அறிவியல் தோற்ற இடம் அது, தோற்றதில் இக்கட்டுரைக்கு வருத்தமும் இல்லை.

பெரியப்பா விடவில்லை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டென்மார்க்குக்காரர்கள் வந்தது, டான்ஸ்போர்க் கோட்டை கட்டியது, 1706இல் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கித் தமிழ் கற்றது, அச்சுக்கூடம் நிறுவிப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டது, 1845இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றது எல்லாம் கோட்டை மதில் நிழலில் வந்தன.

“அப்போ அவங்க இந்த ஊருக்கு என்ன பேரு வெச்சாங்க?” என்றாள் கடைக்குட்டி.

“டிரான்கேபார்.”

அவள் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். “அவங்க பேரே வெக்கல பெரியப்பா. தரங்கம்பாடின்னு சொல்ல வராம அப்படிச் சொல்லியிருக்காங்க.”

பெரியப்பா மறுக்கவில்லை. வண்டியில் அடுத்து வேளாங்கண்ணியா, வைத்தீஸ்வரன்கோயிலா என்ற வாக்குவாதம் ஏற்கெனவே சூடுபிடித்திருந்தது. அத்தை வேண்டுதலைச் சொன்னார், சித்தி நாடி ஜோதிடத்தைச் சொன்னார். காரைக்காலில் டீசல் விலை குறைவு என்று ஓட்டுநர் ஒரு வார்த்தை சொன்னார். வண்டி தெற்கே திரும்பியது.