பெல்வில் பங்காளிகள்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கிறது பெல்வில். நிலக்கரி, பீர் என்று ஒரு காலத்தில் ஓகோவென்று இருந்த ஊர். எண்பதுகளில் அங்கே பொழுது போக இரண்டே வழி: குடிக்கலாம், அல்லது குடிப்பதைப் பற்றிப் பாட்டுக் கட்டலாம். ஜே ஃபாரர், ஜெஃப் ட்வீடி, மைக் ஹைடோர்ன் என்ற மூன்று பையன்கள் இரண்டாவதைத் தொழிலாக்கிக்கொண்டார்கள். 1987இல் உருவான அந்தக் குழுவுக்கு ‘அங்கிள் டுபேலோ’ என்று பெயர். அகராதியில் கைபோன போக்கில் இரண்டு சொல்லை எடுத்து ஒட்டினார்கள் என்பது தலபுராணம்.

ஃபாரருக்கு இருபது வயதிலேயே அறுபது வயது சுரங்கத் தொழிலாளியின் குரல். பேச்சு மட்டும் வராது. ட்வீடி நேர் எதிர். ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘பார்ன் டு ரன்’ கேசட்டைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய், “இது நான் பாடினது” என்று கூசாமல் சொன்ன ஆசாமி. அவரே பின்னாளில் ஒப்புக்கொண்ட விஷயம் இது. ஒருவர் பேசமாட்டார், இன்னொருவர் பேச்சை நிறுத்தமாட்டார். ஏழு வருஷம் தாக்குப்பிடித்ததே பெரிய சாதனை.

கிழவர்கள் அழுதுகொண்டே பாடும் கன்ட்ரி பாட்டை, பங்க் வேகத்தில், பஸ்ஸைத் தவறவிடப்போகிறவர்கள் மாதிரி பாடுவது அவர்கள் பாணி. 1990இல் வந்த முதல் ஆல்பத்துக்கு ‘நோ டிப்ரஷன்’ என்று பெயர்; கார்ட்டர் குடும்பத்தார் 1936இலேயே பாடிப் பதிவுசெய்த பாட்டிலிருந்து உருவியது. உருவிய பெயரை 1995இல் ஒரு பத்திரிகை மறுபடி உருவியது. ஆல்டர்நேட்டிவ் கன்ட்ரிக்கென்றே வந்த அந்தப் பத்திரிகை, ‘அது என்னவாக இருந்தாலும் சரி’ என்று அட்டையிலேயே சேர்த்துப் போட்டுக்கொண்டது. இவ்வளவு நேர்மையான பத்திரிகையை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது ஆல்பத்தை ஆர்.ஈ.எம். குழுவின் பீட்டர் பக், ஜார்ஜியாவிலுள்ள ஏதென்ஸ் ஊரில் ஐந்தே நாளில் பதிவுசெய்து கொடுத்தார். ஆல்பத்தின் பெயர் ‘மார்ச் 16–20, 1992’. பெயர் யோசிக்க ஆறாவது நாள் ஒதுக்கவில்லை போலிருக்கிறது.

1994 ஜனவரியில் ஃபாரர் விலகினார். ட்வீடியிடம் சொன்னாரா? மூச். மேனேஜரிடம் சொன்னார், மேனேஜர் ட்வீடியிடம் சொன்னார். ஆனால் கடன் இருந்ததே! அதை அடைக்க இன்னொரு சுற்றுப்பயணம் போயே தீர வேண்டியிருந்தது. ட்வீடி தன் பாட்டைப் பாடும்போது பக்கத்து மைக்கில் ஃபாரர் வாயைத் திறக்கமாட்டார். ஒத்துப் பாட வேண்டிய இடத்தில் கிடாரை மட்டும் தடவிக்கொண்டு நிற்பார். மே 1, 1994 அன்று செயின்ட் லூயிஸில் கடைசிக் கச்சேரி.

பாகப்பிரிவினையில் மிச்சமிருந்த ஆட்கள் எல்லாம் ட்வீடி பக்கம் போக, அது வில்கோ ஆயிற்று. ஃபாரருக்கு ஏற்கெனவே விலகிப்போயிருந்த ஹைடோர்ன் திரும்பக் கிடைத்தார். அது சன் வோல்ட். 1995இல் இருவரும் ஆல்பம் போட்டார்கள். முதல் சுற்றில் ஃபாரருக்குத்தான் ஜெயம். ட்வீடி உடனே, கன்ட்ரியா, அது எந்தக் கடையில் விற்கிறது என்கிற மாதிரி நடக்க ஆரம்பித்தார்.

அதன் உச்சம் வில்கோவின் ‘யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்டிராட்’ ஆல்பம். சிகாகோ மாடி ஒன்றில் பதிவு நடந்தபோது சாம் ஜோன்ஸ் என்பவர் கேமராவோடு கூடவே உட்கார்ந்திருந்தார். அவர் எடுத்த ஆவணப்படத்தில் ஒரு காட்சி. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் என்ன சத்தம் வர வேண்டும் என்பதில் ட்வீடிக்கும் குழுவில் இருந்த ஜே பென்னட்டுக்கும் தகராறு. சில விநாடிச் சமாச்சாரம். பென்னட் தன் கட்சியை விளக்குகிறார், மறுபடி விளக்குகிறார், புரிந்துவிட்டது என்ற பிறகும் விளக்குகிறார். ட்வீடி எழுந்துபோய் வாந்தி எடுத்துவிட்டு வருகிறார். ஒற்றைத்தலைவலிதான் காரணம், ஆனாலும் பார்க்கிற நமக்கு வேறு காரணம் தோன்றாமல் இல்லை. ஆல்பம் முடிந்த கையோடு பென்னட்டும் வெளியே.

ஆல்பத்தைக் கேட்டுப்பார்த்த வில்கோவின் இசைத்தட்டுக் கம்பெனி ரிப்ரைஸ், இது தேறாது என்று கைகழுவியது. செலவழித்து எடுத்த பதிவையும் குழுவிடமே கொடுத்து அனுப்பிவிட்டது. 2001 செப்டம்பரில் வில்கோ அதை இணையத்தில் இலவசமாக ஓடவிட்டது. கூட்டம் கூடியதைப் பார்த்து நான்சச் என்ற கம்பெனி காசு கொடுத்து வாங்கி, 2002 ஏப்ரலில் வெளியிட்டது. பில்போர்டு பட்டியலில் நேராக 13ஆம் இடம். ரிப்ரைஸ், நான்சச் இரண்டுக்கும் அப்போது முதலாளி ஒருவரே: ஏஓஎல் டைம் வார்னர். வலது பையிலிருந்து ஒரு முறை, இடது பையிலிருந்து ஒரு முறை என்று ஒரே சரக்குக்கு இரண்டு தடவை காசு கொடுத்த புண்ணியவான்கள். கணக்குப்பிள்ளை யாரென்று தெரிந்தால் நானும் ஒரு ஆல்பம் போட்டிருப்பேன்.