பொக்லைன் போன பிறகு

கே: மூன்று ஏக்கரில் சீமைக் கருவேலம் காடாய் மண்டிக் கிடக்கிறது. ஜேசிபி வைத்தால் ஒரே நாளில் சுத்தமாகிவிடுமா? (முதுகுளத்தூர்)

ப: மரம் சாய்ந்துவிடும். சாய்வதும் சாவதும் வேறு வேறு. தண்டும் வேரும் சேருமிடத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது துளிர்க்கிற இடம். மேலே இடித்துத் தள்ளினால் தண்டு முறியும். தூர் அடுத்த மழைக்குக் காத்திருந்து, ஒன்றுக்கு ஐந்தாகக் கிளைக்கும். பக்கெட் பல்லைத் தூருக்கு அடியில் கொடுத்து நெம்பச் சொல்லுங்கள். மண்ணில் கொஞ்சம் ஈரம் இருந்தால் நல்லது. ரொம்ப இருந்தால், கரிசலில் புதைந்த வண்டியை இழுக்க இன்னொரு வண்டி கூப்பிட வேண்டும்.

கே: டயர் வண்டியா, செயின் வண்டியா? (கமுதி)

ப: டயர் வண்டி தானே ரோட்டில் ஓடி வரும், கருவேல முள்ளுக்கும் அதன் டயர் மேல்தான் ஆசை. செயின் வண்டிக்கு முள் பயமில்லை, ஆனால் அது லாரியில் ஏறித்தான் வரும்; அந்த வாடகையும் உங்களுடையது. எது வந்தாலும் சாவி போடும்முன் மணி மீட்டரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: வெட்டியதைக் கொளுத்திவிடலாமா? (பரமக்குடி)

ப: காசையா? உங்கள் பக்கத்தில் கரிமூட்டம் போடுபவர்களுக்கா பஞ்சம்! முதலில் அவர்களைக் கூப்பிட்டு விலை பேசுங்கள். வெட்டி அவர்களே எடுத்துப்போவார்கள். தூருக்கு மட்டும் இயந்திரம். மணிக்கணக்கு பாதியாகக்கூட இறங்கலாம்.

கே: நிலத்தை லெவலும் பண்ணித் தருகிறேன் என்கிறார் ஆபரேட்டர். (சாயல்குடி)

ப: மணிக்கு வாடகை வாங்குபவர் வேறென்ன சொல்வார்? பிளேடால் வழித்தால் வயல் மொசைக் தரை போல மின்னும். மேல்மண் முழுக்க வரப்போரம் குவிந்திருக்கும். தூர் எடுத்த குழிகளை மூடினால் போதும்.

கே: இந்த மரத்தைக் கொண்டுவந்தது காமராஜர்தானே? (அருப்புக்கோட்டை)

ப: வெள்ளைக்காரர் காலத்து வனத்துறை 1870-களிலேயே கொண்டுவந்துவிட்டது. காமராஜர் பிறந்தது 1903.

கே: 2017-ல் ஐகோர்ட் மதுரைக் கிளை இதை அகற்றச் சொல்லி முடுக்கியதே, என்ன ஆயிற்று? (மானாமதுரை)

ப: அதே ஆண்டு ஐகோர்ட்டே சென்னையில் அதற்குத் தடையும் போட்டது. மரம் இரண்டு உத்தரவையும் படிக்கவில்லை.

கே: கொடைக்கானலில் என் பட்டா நிலத்தில் நான் ஜேசிபி விடக்கூடாதா? (திண்டுக்கல்)

ப: மலையில் மரம் வெட்ட 1955 முதலே தனிச் சட்டம், இயந்திரத்துக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். பட்டா உங்கள் பேரில் இருக்கலாம், சரியும் மண் விழுவது கீழ்வீட்டுக்காரர் தலையில்.

கே: எல்லாம் முடிந்தது. இனி நிம்மதியாக ஆடு மேய்க்கலாமா? (திருச்சுழி)

ப: பக்கத்துக் காட்டில் நெற்று தின்ற ஆடு, உங்கள் நிலத்தில் விதைத்துவிட்டுப் போகும், எருவோடு. போதாததற்கு, பழைய விதையும் மண்ணில் வருஷக்கணக்காகக் காத்திருக்கும். மழை பெய்த சில வாரத்தில் போய்ப் பாருங்கள், விரல் உயரக் கன்றுகள் நிற்கும். அப்போது கையால் பிடுங்கலாம். விட்டால் அடுத்த வருஷம் கடப்பாரை, அதற்கடுத்து திரும்பவும் மணி மீட்டர்.