எலி வைத்த பொறி

எலிக்கு மனிதன் பொறி வைப்பதுதான் உலக வழக்கம். ஃபுளோரிடாவில், ஆர்லாண்டோவுக்குப் பக்கத்தில், 1971-இலிருந்து எலி மனிதனுக்குப் பொறி வைக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், நம் வீட்டுப் பொறியில் வடைச் செலவு நம்முடையது. அங்கே மாட்டிக்கொள்ளப்போகிறவனே வடைக்கும் முன்பணம் கட்டிவிட்டு, சிரித்துக்கொண்டு, குடும்பத்தோடு உள்ளே நுழைகிறான்.

அந்த வடைக்குப் பெயர் ‘டிஸ்னி டைனிங் பிளான்’. வால்ட் டிஸ்னி வேர்ல்டின் ரிசார்ட்டில் அறை எடுப்பவர்கள் சாப்பாட்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே பணம் கட்டிவிடலாம். கட்டிவிட்டால் விலைப்பட்டியலைப் பார்த்து வயிறு எரிய வேண்டாம், பிள்ளை ஐஸ்கிரீம் கேட்டால் பர்ஸைத் தடவ வேண்டாம், மகாராஜா மாதிரி உட்கார்ந்து சாப்பிடலாம். விளம்பரம் சொல்வது இது. கட்டியபின் தெரிவது வேறு. இந்தத் திட்டத்தைப் புரிந்துகொள்ளவே தனியாக ஒரு விடுமுறை எடுக்க வேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, அரசாங்கமே நடத்திப் பழகிய கம்பெனி டிஸ்னி. 1967-இல் ஃபுளோரிடா சட்டமன்றம் ரீடி கிரீக் என்று ஒரு தனி மாவட்டத்தையே அமைத்துக் கொடுத்தது. சாலை, சாக்கடை, தீயணைப்பு, கட்டட அனுமதி எல்லாம் 2023 வரை கம்பெனியின் உள்ளங்கைக்குள்தான் இருந்தன. அப்படிப்பட்டவர்கள் இட்லிக்குச் சட்னி ஊற்றினாலும் அதற்கு ஓர் அரசாணை போட்டுவிட்டுத்தான் ஊற்றுவார்கள்.

ஆணையைப் படிப்போம். பிளானில் இரண்டு வகை. சின்னது ‘குயிக் சர்வீஸ்’: ஓர் இரவுக்குத் தலைக்கு இரண்டு கவுண்டர் சாப்பாடு, ஒரு ஸ்நாக். பெரியது: ஒரு கவுண்டர் சாப்பாடு, மேசையில் உட்காரவைத்துப் பரிமாறும் ‘டேபிள் சர்வீஸ்’ ஒன்று, ஒரு ஸ்நாக். இரண்டிலும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குவளை உண்டு. பெரிய பிளானுக்கு 2024-இல் பெரியவருக்கு ஓர் இரவுக்கு 94.28 டாலர், பிள்ளைக்கு 29.69.

‘ஓர் இரவுக்கு’ என்பதைக் கவனித்தீர்களா? மனிதன் சாப்பிடுவது பகல் கணக்கில், கம்பெனி சாப்பாடு போடுவது இரவுக் கணக்கில். ஐந்து இரவு தங்கினால் ஆறு பகல். ஆறு பகலுக்கு வேளைக்கு ஒன்றாகப் பதினெட்டு சாப்பாடு வேண்டும். பிளான் தருவது பத்து. ஐந்து ஸ்நாக்கையும் காலை உணவென்று கணக்கில் எழுதிக்கொண்டாலும் மூன்று வேளை துண்டு விழுகிறது. அந்த மூன்று வேளைக்கும் பர்ஸைத் திறக்க வேண்டியதுதான். மகாராஜா ஒரு நாள் பட்டினி.

அடுத்து வயது. அமெரிக்கச் சட்டத்தில் ஒருவன் பதினெட்டில் ஓட்டுப் போடலாம், இருபத்தொன்றில் மது குடிக்கலாம். டிஸ்னியின் சட்டத்தில் மூன்று வயதிலிருந்து ஒன்பது வரைதான் பிள்ளை. பத்தாவது பிறந்தநாள் கேக்கை வெட்டியதும் அவன் பெரியவன். அப்பாவுக்கு என்ன விலையோ அவனுக்கும் அதே விலை. அந்த விலைக்குள் சாப்பாட்டோடு ஒரு பீரோ ஒயினோ காக்டெயிலோ அடக்கம். பத்து வயதுப் பையனும் அதற்கும் சேர்த்துத்தான் கட்டுகிறான். அவனுக்கு அதை ஊற்றினால் போலீஸ் வரும், ஆகவே மில்க் ஷேக். காசு வாங்கும்போது ஆம்பிளை, கிளாஸை நீட்டும்போது பாப்பா.

ஒஹையோவிலிருந்து ராத்திரி முழுக்கக் காரோட்டி வரும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, பத்து வயது மகன், ஐந்து வயது மகள். அதாவது மூன்று பெரியவர்கள், ஒரு பிள்ளை. அந்த 2024 விலையில் ஓர் இரவுக்கு 312.53 டாலர், ஐந்து இரவுக்கு 1,562.65. அறை வாடகை தனி, பூங்கா டிக்கெட் தனி. கூடவே பாட்டியும் அதே அறையில் தங்கினால் பாட்டிக்கும் பிளான் வாங்கியே தீர வேண்டும். ஒரே பேக்கேஜில் மூன்று வயது தாண்டிய எல்லாரும் ஒரே பிளானில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. பாட்டி ராத்திரி ஒரு சூப்போடு நிறுத்திக்கொள்பவரா, டாக்டர் சர்க்கரையைத் தொடக்கூடாது என்றிருக்கிறாரா என்பதெல்லாம் விதிக்குத் தெரியாது. அவருக்கும் 94.28. அவர் பங்குக்கும் இனிப்பு வரும். பார்த்துக்கொண்டிருக்கலாம்.

போகட்டும், கட்டிய காசுக்குச் சாப்பிட்டாவது தீர்ப்போம் என்று உட்கார்ந்தால் அங்கே ஆரம்பிக்கிறது கணக்கு வாத்தியார் வேலை. கவுண்டர் சாப்பாடும் பானமும் 25 டாலர், ஸ்நாக் 7 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குவளையை விட்டுவிடுவோம். மிச்சமிருக்கும் ஒரே மேசைச் சாப்பாடு 62 டாலரைத் தொடாவிட்டால் நஷ்டம். அதனால் மெனு கார்டை வலப்பக்கத்திலிருந்துதான் படிக்க வேண்டும். எது பிடிக்கும் என்று பார்க்கக்கூடாது, எது விலை அதிகம் என்று பார்க்க வேண்டும். பிளானில் உள்ள ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஸ்நாக்குக்கும் ‘கிரெடிட்’ என்று பெயர். ஸ்டேக்குக்கும் ஒரு கிரெடிட், காய்கறி பாஸ்தாவுக்கும் அதே ஒரு கிரெடிட். மரக்கறிக்காரன் பக்கத்து மேசைக்காரனின் மாட்டுக்கறிக்கு மொய் எழுதிவிட்டு எழுந்து போகிறான். விலையைப் பார்க்காமல் சாப்பிடத்தானே பணம் கட்டினோம்? இப்போது விலையைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. ஊரில் சாதாரணமாகச் சாண்ட்விச் தின்று எழுந்து போகிற மனிதனை ஆறு நாளைக்குச் சம்பளமில்லாத குமாஸ்தாவாக ஆக்கிவிட்டார்கள். ஒவ்வொரு ரசீதின் அடியிலும் இன்னும் எத்தனை பாக்கி என்று அச்சடித்தும் கொடுக்கிறார்கள். அவன் அதை மடித்து மடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்கிறான், ரேஷன் கார்டு மாதிரி.

மகள் சிண்ட்ரெல்லாவின் கோட்டைக்குள் சாப்பிட வேண்டும் என்கிறாள். கேட்கத்தான் செய்வாள், அதற்குத்தானே அந்தக் கோட்டையைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு கிரெடிட். நாலு பேருக்கு எட்டு. ஐந்து இரவுக்குக் கிடைத்த இருபது மேசைச் சாப்பாட்டில் எட்டு ஒரே உட்காரலில் காலி. அதுவும் இடம் கிடைத்தால். பிளான் வாங்கியது சாப்பாட்டுக்கு மட்டும், நாற்காலிக்கு இல்லை. நாற்காலிக்கு அறுபது நாள் முன்னாலேயே அலாரம் வைத்து எழுந்து முன்பதிவு செய்ய வேண்டும். இன்றிலிருந்து அறுபதாம் நாள் மாலை ஆறரைக்கு என்ன பசிக்கும் என்று ஐந்து வயதுக் குழந்தையை எழுப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு செய்துவிட்டுப் போகாவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று தண்டமும் உண்டு. பசிக்காததற்கும் அபராதம் போட்ட ராஜ்ஜியம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

டிப்ஸைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2005-இல் இந்தப் பிளான் வந்தபோது டிப்ஸும் அதற்குள் இருந்தது, சாப்பாட்டுக்கு முன்னால் வைக்கும் அப்பெடைசரும் இருந்தது. 2008-இல் இரண்டையும் உருவிவிட்டார்கள். இன்று முன்பணம் கட்டியவனும் சாப்பிட்டு முடித்ததும் டிப்ஸைத் தனியாகத்தான் வைக்க வேண்டும். ஆறு பேரோ அதற்கு மேலோ போனால் 18 சதவீதத்தைக் கேட்காமலே பில்லில் ஏற்றிவிடுவார்கள். ஃபுளோரிடாவில் டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மற்றவர்களைவிட மணிக்கு 3.02 டாலர் குறைவு. அந்த மிச்சத்தை டிப்ஸ்தான் நிரப்ப வேண்டும். இப்போது காட்சியைப் பாருங்கள். எல்லாம் கட்டியாயிற்று என்று நினைத்து எழுந்திருக்கிற வாடிக்கையாளன் ஒரு பக்கம், எட்டு மணி நேரம் தட்டேந்தி நிற்கிற பெண் மறுபக்கம். அவளுடைய கூலியில் ஒரு பங்கு இவனுடைய ஞாபகசக்தியில் தொங்குகிறது. நடுவில் நின்று இருவரையும் பார்த்துக் கையாட்டுகிறது வெள்ளைக் கையுறை போட்ட எலி.

ஏன் இவ்வளவையும் சகித்துக்கொண்டு வாங்குகிறார்கள்? முட்டாள்களா? இல்லை. 1998-இல் டிராசென் பிரெலெக், ஜார்ஜ் லோவென்ஸ்டைன் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். துணி துவைக்கும் எந்திரம் வாங்கினால் காசைப் பிறகு தவணையில் கட்டுவீர்களா, முன்னாலேயே கட்டுவீர்களா? பிறகு, என்றார்கள் மக்கள். சுற்றுலாவுக்கு? முன்னாலேயே கட்டித் தொலைத்துவிடுகிறோம் என்றார்கள். ஒவ்வொரு வாய்க்கும் காசு எண்ணிக்கொண்டிருந்தால் வாயில் ருசி நிற்காது. முன்னாலேயே கட்டிவிட்டால் சாப்பிடும்போது இலவசம் போலிருக்கும். வருஷம் முழுக்க எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவனுக்கு ஒரு வாரம் எண்ணாமல் இருக்க ஆசை. ஏழை பாழையின் இந்த நியாயமான ஆசையைத்தான் கம்பெனி பொட்டலம் கட்டி விற்கிறது. எண்ணாமலிருக்கக் காசு வாங்கிக்கொண்டு, எண்ணுவதற்கு மூன்று தனித்தனிக் கணக்கும் கையில் கொடுத்து அனுப்புகிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். கொள்ளை விலை வைத்தால் வைத்துவிட்டுப் போ. நிம்மதி என்று பெயர் சொல்லி ஏன் விற்கிறாய்?

2020-இல் கொரோனாவுக்குப் பூங்காவை மூடியபோது பிளானும் நின்றது. பூங்கா திறந்த பிறகும் பிளான் 2024 ஜனவரி 9 வரை வரவில்லை. அந்த மூன்று சொச்சம் வருஷமும் ஜனங்கள் பசித்தபோது சாப்பிட்டு, சாப்பிட்டதற்குக் காசு கொடுத்து, எப்படியோ உயிர் பிழைத்திருந்தார்கள். அப்புறம் 2026-க்கு ஒரு கருணை: மூன்றிலிருந்து ஒன்பது வயதுக்குப் பிளான் இலவசம். பெரியவர்கள் தங்கள் பங்குக்குப் பிளான் வாங்கியிருந்தால் மட்டும். ஒஹையோப் பையனுக்கோ வயது பத்து. அவன் முழு விலை கட்டும் குடிமகன்.

கடைசி நாளுக்கு வருவோம். அறையைக் காலி செய்த அன்று நள்ளிரவோடு மிச்சமுள்ள கிரெடிட் எல்லாம் செத்துப்போகும். பணமாகத் திரும்பாது, அடுத்த முறைக்குச் சேராது. சிண்ட்ரெல்லாவுக்காவது கண்ணாடிச் செருப்பில் ஒன்று மிஞ்சியது. ஃபுட் கோர்ட்டுக்கு அன்று மதியம் போய்ப் பாருங்கள். பெட்டியும் தள்ளுவண்டியுமாகக் குடும்பங்கள் அலமாரி அலமாரியாக மேய்ந்துகொண்டிருக்கும். ஊதாச் சின்னம் ஒட்டியதெல்லாம் ஸ்நாக் கணக்கில் சேரும். எலிக்காது வடிவத்தில் அரிசிப்பொரி மிட்டாய், பாப்கார்ன், பாட்டில் தண்ணீர். ஆம், பாட்டில் தண்ணீருக்கும் ஒரு கிரெடிட். பக்கத்துக் கவுண்டரில் கேட்டால் ஐஸ் போட்ட தண்ணீர் கப்பில் சும்மாவே கொடுப்பார்கள்.

ஒஹையோ அப்பாவிடம் ஏழு ஸ்நாக் மிச்சம். கைக்குக் கிடைத்ததையெல்லாம் கூடையில் போடுகிறார். மகனுக்கு வயிறு உப்பி முகம் சுண்டியிருக்கிறது. பிளான் போட்ட தினத்திலிருந்தே பாவம் அவன் நஷ்டத்தை ஈடுகட்டிக்கொண்டிருக்கிறான். அம்மா நாலு குவளையையும் கழுவிப் பையில் திணிக்கிறாள். குவளையின் அடியில் ஒரு சில்லு உண்டு. தங்கியிருக்கும்வரை ரிசார்ட்டின் எந்திரத்தில் வைத்தால் சோடா கொட்டும், பூங்காவுக்குள் கொண்டுபோனால் கொட்டாது. இனி எங்கேயும் கொட்டாது. பாதி வழியில், ஜார்ஜியாவில் ஏதோ ஒரு பெட்ரோல் பங்கில் காரை நிறுத்தும்போது மகள் பசிக்கிறது என்பாள். டிக்கியைத் திறந்தால் ஏழு மிட்டாய்ப் பொட்டலமும் இருக்கும். அவளுக்கு ஒரு வாழைப்பழம் வேண்டும்.