ஆம்பூர் வட்டாரப் பெண்மகவுப் பெயர்களில் ‘ஷா’ ஈறு: ஓர் ஆய்வு

1. களம்

வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்தது. ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடு போயின. பேரணாம்பட்டு வேலூரிலேயே தங்கிவிட்டது. மாவட்டம் பிரிந்தும் தோல் தொழில் பிரியவில்லை. பிரியாத இன்னொன்றையும் இவ்வாய்வு கண்டறிந்துள்ளது: பெண் குழந்தையின் பெயர் ‘ஷா’ என்று முடிய வேண்டும் என்ற வேட்கை.

ஈற்றின் மேல் ஏன் இத்தனை குறி? முதலெழுத்தில் பெற்றோருக்கு உரிமை இல்லை. அதை நட்சத்திரம் எடுத்துக்கொள்கிறது. அஸ்வினி என்றால் சு, சே, சோ, லா. அதற்குள் அடங்கியாக வேண்டும். நடு எழுத்துகளை எண்கணிதக்காரர் கூட்டிக் கழித்துக்கொள்கிறார். மிஞ்சுவது வால் மட்டுமே. குடும்ப ஜனநாயகம் முழுவதும் அந்த வாலில்தான் நடக்கிறது.

2. கருதுகோள்

இவ்வட்டாரம் ஷகரத்தால் பிழைக்கிறது. அப்பா தோல் ஷாப்பில், அம்மா ஷூ கம்பெனியில். வேலை ஷிஃப்ட் கணக்கு, பதற்றம் ஷிப்மென்ட் கணக்கு, கல்யாணம் ஷாதி மஹாலில். சோறு போடும் எழுத்தைப் பிள்ளைக்குச் சூட்டுவது நன்றிக்கடனே.

தவிர, ‘ஷா’ மும்மதத்துக்கும் பொது. ஆயிஷா, வர்ஷா, ஜெருஷா மூவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறினால், பெயரின் பின்பாதியை வைத்து யார் எந்தத் தெரு என்று சொல்ல முடியாது. கூடவே நிஷாவும் ஏறிவிட்டால் முன்பாதியை வைத்தும் சொல்ல முடியாது.

3. வரலாறு

ஆகாரத்தில் முடியும் அயல் பெயரைத் தமிழ் முன்பெல்லாம் வந்தபடியே உள்ளே விட்டதில்லை. பச்சைத்தோலைப் போல ஊறவைத்துப் பதனிட்ட பிறகே புழங்கவிட்டது. சீதா சீதை ஆனாள், ராதா ராதை ஆனாள். விவிலியத்தை மொழிபெயர்த்தவர்கள் ளகர ஒற்றை ஒட்டி சாராள், மார்த்தாள் என்றார்கள். சீறாப்புராணத்தில் உமறுப்புலவர் ஆகாரத்தை விட்டுவைத்து ஜகரத்தை மட்டும் மாற்றினார். கதீஜா கதீசா ஆனார். இந்த மூன்றாம் முறையைத்தான் இன்றைய பாட்டிமாரும் பின்பற்றுகிறார்கள். அவர்கள் வாயில் ஆயிஷா ஆயிசா, வர்ஷா வர்சா.

இங்கே ஒரு மறுப்பு எழும். பெற்ற பிள்ளையைப் பொழுதுக்கும் ‘சா, சா’ என்று அழைக்கலாமா என்பார்கள். உமறுப்புலவருக்கே தோன்றாத ஐயம் நமக்கு எதற்கு என்ற அடிப்படையில் இம்மறுப்பு தள்ளுபடி செய்யப்படுகிறது.

4. இலக்கணச் சிக்கல்

சொல்லின் ஈற்றில் நிற்க 24 எழுத்துகளுக்கு நன்னூல் அனுமதி தருகிறது. உயிர் பன்னிரண்டும் அதில் அடக்கம் என்பதால் ஆகாரத்துக்குத் தடையில்லை. சிக்கல் தொல்காப்பியத்தில் இருக்கிறது. உயர்திணைப் பெயர்களில் இ, உ, ஐ, ஓ என்னும் நான்கு உயிரீறுகளே விளி கொள்ளும், ஏனை உயிர்கள் கொள்ளா என்று விளிமரபு விதிக்கிறது. உரையாசிரியர்கள் இதற்கு நுட்பமாகப் பொருள் சொல்வார்கள். இவ்வாய்வு நேர்ப்பொருளையே கொள்கிறது: ஆகார ஈற்றுப் பெண் கூப்பிட்டால் வரமாட்டாள்.

களச்சான்றும் ஒத்துப்போகிறது. வள்ளியைக் கூப்பிடும்போது இகரம் நீண்டு ‘வள்ளீ’ ஆகிறது. அந்த நீட்டல் தெருமுனை வரை போய் ஆளை அழைத்து வருகிறது. வர்ஷாவில் நீட்ட எதுவும் மிச்சமில்லை, ஏற்கெனவே நெடில். அவள் மொபைலை விட்டுத் தலை தூக்குவதில்லை. பிரியாணி இகர ஈறு. அஃறிணையானாலும் ஆம்பூரில் கூப்பிட்டதும் வந்து நிற்கிறது.

5. புறனடை

ஆனால் ஒரு சான்று இந்த விதியைச் சற்றே அசைக்கிறது. 1870இல் ராணிப்பேட்டையில் ஸ்கடர் குடும்பத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் ஐடா, ஐயத்துக்கிடமற்ற ஆகார ஈறு. குடும்பமோ தலைமுறை தலைமுறையாக மிஷன் மருத்துவம் பார்த்தது. அவர் அந்தப் பக்கமே வருவதாக இல்லை. பிறகு திண்டிவனத்தில் ஓர் இரவு மனம் மாறி, அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துத் திரும்பி, 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். அதுவே இன்றைய சிஎம்சி.

எனவே விதியை இப்படித் திருத்தலாம்: ஆகார ஈறு கூப்பிட்டால் வராது, தானாக நினைத்தால் வரும், வந்தால் ஆஸ்பத்திரி கட்டாமல் ஓயாது.

6. பரிந்துரை

‘ஷா’ தாராளமாக வைக்கலாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். பெயர் முடிவாகாவிட்டால் பெயரில்லாமலே பதியலாம். 12 மாதம் வரை கட்டணமின்றியும், அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரையும் பெயரைச் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. 15 ஆண்டு இழுத்தால் பிள்ளையே தன் ஈற்றைத் தேர்ந்துகொள்ளும். அதுவரை போக வேண்டாம். ஆங்கிலத்தில் கடைசி ‘ஏ’ ஒன்றா இரண்டா, பின்னால் ‘எச்’ உண்டா என்ற மாமியார் வீட்டு, அம்மா வீட்டு வழக்கையும் முதல் 12 மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பள்ளிக்கூடம், ஆதார், பாஸ்போர்ட் மூன்றும் பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்தைத்தான் கேட்கும்.