நாலு மீட்டருக்கு அடங்காத குடும்பம்

அனுப்புநர்: ஏழு பேர் கொண்ட குடும்பத்தின் தலைவன் (ரேஷன் கார்டின்படி அல்ல), திருத்தங்கல், விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்: மாண்புமிகு ஜிஎஸ்டி கவுன்சில், புது டெல்லி.

பொருள்: கார் வாங்குமுன் ஒப்பிட்டுப் பார்த்தது – குடும்பத்தின் நீளத்தைக் குறைக்க வழிகாட்டக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய கவுன்சிலாருக்கு,

முதலில் மன்னிப்பு. 2024 செப்டம்பரில் கோயம்புத்தூர் ஹோட்டல்காரர் ஒருவர், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே தடவும் கிரீமுக்கு 18 சதவீதம் என்று தங்கள் தலைவரிடம் சிரித்தபடி சொன்னார். அப்புறம் சிரிக்காமல் மன்னிப்புக் கேட்டார். நான் கேள்விக்கு முன்பே கேட்டுவிடுகிறேன். இரு தரப்புக்கும் அலைச்சல் மிச்சம்.

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, மாமியார், நான், மனைவி, பிள்ளைகள் இரண்டு. அஞ்சு பேர் உட்காரும் பழைய வண்டியில் ஏழு பேரும் நெருக்கியடித்து இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்த காலம் முடிந்தது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், யார் மடியிலும் உட்கார மாட்டேன் என்கிறார்கள். ஆகவே நடுத்தரமாக ஒரு குடும்பக் கார் பார்க்கலாம் என்று கிளம்பினோம். தேவை பெரிதாக ஒன்றுமில்லை. வண்டி தாழ்வாக இருக்க வேண்டும், ஏனென்றால் அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம். நீளமாக இருக்க வேண்டும், ஏனென்றால் குலசாமி கோயிலுக்குக் கிளம்பினால் பொங்கல் பானை, அரிசி, விறகு, தாம்பாளம் எல்லாம் எங்களோடு வரும். திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் சாத்தூர் காராச்சேவும் சேர்ந்துகொள்ளும்.

வெளிநாடுகளில் இதற்கென்றே எஸ்டேட் கார் என்று ஒரு ஜாதி உண்டு. நம்மிடம் ஸ்டேஷன் வேகன் என்பார்கள். சாதாரணக் காரின் கூரையைப் பின்பக்கக் கடைசி வரை இழுத்துவிட்டால் அதுதான். இங்கேயும் வந்தது: 1992ல் டாடா எஸ்டேட், பிறகு மாருதி பலேனோ ஆல்டுரா, ஸ்கோடா ஆக்டேவியா காம்பி, 2004ல் டாடா இண்டிகோ மரினா. இன்று எங்கள் கைக்கு எட்டும் விலையில் அந்த ஜாதியில் ஒரு புது வண்டிகூட ஷோரூமில் இல்லை. பார்க்க ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கிறது என்று நம் ஜனங்களே ஒதுக்கினார்கள். அந்தப் பழியைத் தங்கள் மேல் போட மாட்டேன். மிச்சப் பழியைப் போடுகிறேன்.

2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சின்னக் காருக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16ஆகக் குறைத்தார். சின்னக் கார் எது என்றால், நீளம் 4000 மில்லிமீட்டருக்குள். என்ஜின் பெட்ரோலானால் 1200 சிசிக்குள், டீசலானால் 1500 சிசிக்குள். அன்றைக்குப் பிடித்தது இந்த நாட்டில் கார்களின் வாலுக்குச் சனி. 2008ல் இண்டிகோவின் வாலை நறுக்கி 3988 மில்லிமீட்டரில் இண்டிகோ சிஎஸ் வந்தது. 4160 மில்லிமீட்டர் இருந்த மாருதி டிசையர் 2012ல் 3995 ஆனது; 440 லிட்டர் இருந்த டிக்கி 316க்குச் சுருங்கியது. காணாமல்போன 124 லிட்டரில் எங்கள் பொங்கல் பானை விறகோடு உட்கார்ந்திருக்கும்.

2017ல் ஜிஎஸ்டி வந்தது. வரிகள் பெயர் மாறின, இந்த அளவுகோல் மட்டும் கலையாமல் அப்படியே வந்து சேர்ந்தது. அதோடு இன்னொரு அளவும் சேர்ந்தது: 1500 சிசிக்கு மேல், நாலு மீட்டருக்கு மேல், தரையிலிருந்து 170 மில்லிமீட்டர் உயரம் என்று மூன்றும் கூடினால் அது எஸ்யூவி, 2025 வரை கூடுதல் செஸ். அந்த உயரத்தை வண்டியில் ஆள், பாரம் எதுவும் ஏற்றாமல்தான் அளக்க வேண்டும் என்று 2023 ஜூலையில் தெளிவுபடுத்தினீர்கள். எங்கள் வீட்டு வண்டி அந்த நிலையில் நின்று நான் பார்த்ததே இல்லை. ஷெட்டில் நிற்கும்போதுகூட உள்ளே யாராவது ஒரு பிள்ளை பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. சிதம்பரம் பக்கத்துச் சிவகங்கைச் சீமைக்காரர். கவுன்சில் தலைவர் நிர்மலா சீதாராமன் மதுரையில் பிறந்தவர். 2025 செப்டம்பரில் வரியைத் திருத்தியபோது தமிழக நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு எங்கள் மாவட்டத்துத் திருச்சுழித் தொகுதிக்காரர். அளந்தவர்கள் எல்லாரும் அக்கம்பக்கம்தான். இருந்தும் எங்கள் பானையை ஒருவரும் அளக்கவில்லை.

இனி ஒப்பீட்டுக்கு வருகிறேன். வீட்டிலிருந்து தையல் டேப்பும் பித்தளைப் பானையும் எடுத்துக்கொண்டு ஷோரூம் ஷோரூமாகப் போனோம். ரெனோ ட்ரைபர் நாலு மீட்டருக்குள்ளேயே ஏழு சீட்டு வைத்திருக்கிறது, மெச்சத்தான் வேண்டும். மூன்றாவது வரிசையைத் தூக்கி நிறுத்தினால் டிக்கியில் மிஞ்சுவது 84 லிட்டர். பானையைப் படுக்கவைத்துப் பார்த்தோம், கதவு சாத்தவில்லை. நிறுத்திவைத்தோம், சாத்தவில்லை. “அண்ணாச்சி, பின்சீட்டைக் கழற்றிட்டா 625 லிட்டர் கிடைக்கும்” என்றார் விற்பனைத் தம்பி. கழற்றினால் என் மாமியாரை எங்கே வைப்பது என்று கேட்டேன். பதிலை அவர் என் மனைவியின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

மஹிந்திரா பொலேரோ 3995 மில்லிமீட்டர், டீசல் என்ஜின் 1493 சிசி. நீளத்தில் அஞ்சு மில்லிமீட்டர், என்ஜினில் ஏழு சிசி பாக்கி வைத்துத் தேறியிருக்கிறது. பரீட்சையில் 35 வாங்கிப் பாஸான பையனைப் போல அதன் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம். ஆனால் அப்பாவால் ஏற முடியவில்லை. மேலே உள்ள கைப்பிடியை ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையை என் தோளில் ஊன்றி, வலது காலைத் தூக்கி, தூக்கிய உயரம் போதாமல் இறக்கி, மறுபடி தூக்கினார். கடைசியில் “நான் வீட்டிலேயே இருந்துக்கிறேன்ப்பா” என்றார். ஷோரூமில் முக்காலி கேட்டோம். அது ஆக்சஸரீஸ் பட்டியலில் இல்லையாம்.

மாருதி எர்டிகாதான் எங்கள் தேவைக்குக் கிட்டத்தில் வந்த வண்டி. நீளம் சுமார் 4.4 மீட்டர். ஏழு பேரும் உட்கார்ந்தபின் 209 லிட்டர் டிக்கி; பானை உள்ளே போயிற்று, விறகை மட்டும் கோயில் வாசலில் வாங்கிக்கொள்ளலாம். கியா கேரன்ஸ் 4540 மில்லிமீட்டர், 216 லிட்டர். இவ்வளவு நீளம் கூடியும் டிக்கி ஏழே லிட்டர்தான் கூடுதல். மிச்ச நீளம் கால் நீட்டப் போயிருக்கிறது. எங்கள் பானைக்குக் கால் இல்லை. ஆகவே தீர்ப்பு எர்டிகா பக்கம்.

தீர்ப்பு சொல்லி முடித்தபின் விலைப்பட்டியலில் வரியைப் பார்த்தோம். சின்னக் காருக்கு 18 சதவீதம், எர்டிகாவுக்கு 40. நீளம் ஒரு குற்றம், 1462 சிசி என்ஜின் இன்னொரு குற்றம். 2025 செப்டம்பர் 22 முதல் எல்லாருக்கும் வரி குறைந்தது என்று வாழ்த்துச் சொன்னார்கள், நானும் கைதட்டினேன். பிறகுதான் கணக்குப் போட்டேன். முன்பு சின்ன பெட்ரோல் காருக்கு செஸ்ஸோடு 29, எர்டிகாவுக்கு 45; வித்தியாசம் 16. இப்போது வித்தியாசம் 22. அதாவது வரி குறைந்தது, குட்டைக்கும் நெட்டைக்கும் நடுவே பள்ளம் அகன்றது.

அந்த 40 சதவீத வகுப்பில் எங்களோடு யார் யார் என்று விசாரித்தேன். பென்ஸ் கார், சூதாட்ட விடுதி, ஐபிஎல் டிக்கெட், கலர். விருதுநகரில் 1916ல் பிறந்த காளிமார்க்கின் பவண்டோவும் எங்களோடுதான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது; ஊர்க்காரர் ஒருவராவது துணைக்கு இருப்பது ஆறுதல். 18 சதவீத வகுப்பில் சின்னக் காரோடு இருப்பது எங்கள் பட்டாசு. ஊரையே எழுப்பும் அணுகுண்டுக்கு 18, ஏழு பேரைச் சத்தமில்லாமல் கோயிலுக்குக் கொண்டுபோகும் வண்டிக்கு 40.

தப்பிக்க வழிகளும் வைத்திருக்கிறீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. மின்சாரக் கார் எவ்வளவு நீளமானாலும் 5 சதவீதம்தான். நாலே முக்கால் மீட்டர் வண்டியும் அந்தக் கணக்கில் வந்துவிடுகிறது. அதன் விலைக்கு எங்கள் தெருவில் யாரும் இல்லை. ஓட்டுநரையும் சேர்த்துப் பத்துப் பேரோ அதற்கு மேலோ உட்காரும் வண்டிக்கு 18. ஆக, ஏழு பேர் உள்ள குடும்பம் ஆடம்பரம், பத்துப் பேர் ஆனால் சிக்கனம். இன்னும் மூன்று பேரைச் சேர்ப்பதைப் பற்றி மனைவியிடம் பேச்செடுத்தேன். அதை இந்த மனுவில் விவரிக்க விரும்பவில்லை. பழைய மரினா ஒன்று வாங்கலாமென்றால், 2024 டிசம்பர் ஜெய்சால்மர் கூட்டத்தில், உப்புப் பாப்கார்னையும் கேரமல் பாப்கார்னையும் பிரித்துவைத்த அதே கையோடு, பழைய கார் வியாபாரியின் லாபத்துக்கு 18 சதவீதம் என்று முடிவு செய்துவிட்டீர்கள்.

எங்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. தீப்பெட்டியில் கையால் செய்தது 5, இயந்திரத்தில் செய்தது 18 என்று வைத்திருந்து 2020 ஏப்ரலில் இரண்டையும் 12 ஆக்கியபோது சாத்தூர் வரைக்கும் தீப்பெட்டி ஆபீஸ்களில் அதே பேச்சு. பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து நாலு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது 1999ன் விதி. அங்கேயும் நாலு மீட்டர்தான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கே தடை போட்டது. ஒற்றை வெடி ஆகலாம், கோர்த்து நீட்டினால் ஆகாது. நீளமாக எதையும் செய்து பிழைக்க முடியாத மாவட்டம் இது என்று நாங்கள் எப்போதோ புரிந்துகொண்டோம். குடும்பத்தையும் கோர்த்து நீட்டியது எங்கள் பிழைதான்.

ஆகவே கோரிக்கை. காரை நீளத்தால் அளப்பதை விட்டு, அதில் ஏறும் ஆட்களால் அளக்க முடியுமா என்று பாருங்கள். ஏழு சீட்டும் நிறையும் வண்டியை, ஒற்றை ஆள் உட்கார்ந்து போகும் பென்ஸோடு ஒரே வகுப்பில் வைக்காதீர்கள். அது முடியாதென்றால் அந்த 4000ஐ 4500 ஆக்குங்கள், 1200 சிசியை 1500 ஆக்குங்கள்; எர்டிகாவும் பிழைக்கும், யாராவது ஒரு கம்பெனிக்கு மறுபடி ஸ்டேஷன் வேகன் செய்யும் தைரியமும் வரலாம். அதுவும் முடியாதென்றால், நாலு மீட்டருக்குள் ஏழு பேரையும் ஒரு பொங்கல் பானையையும் அடுக்கும் முறையைப் படம் போட்டு ஒரு சுற்றறிக்கையாக அனுப்பிவையுங்கள். படத்தில் மாமியார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும்.

பதிலைத் தீபாவளிக்கு முன்பே அனுப்பிவிட்டால் நல்லது. வெளியூர்க் கார்களெல்லாம் காலி டிக்கியோடு பட்டாசு வாங்க வந்து நிற்கும் அந்த வாரத்தில், சிவகாசிச் சாலையில் நாலு மீட்டர் வண்டியும் நகராது, நாலரை மீட்டர் வண்டியும் நகராது.

இப்படிக்கு,
4.4 மீட்டரில் நிற்கும் குடும்பஸ்தன்